பட்டினி கிடந்தால் செல் தன்னைத் தின்னுமா? தன்னுண்ணலும் அதை நடத்தும் நொதிகளும்

போன மாதம் எங்கள் பின்வரிசை வீட்டு அத்தை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கேட்ட கேள்விக்குப் பதில் குழறியது. சீனித் தண்ணீர் கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம். கொஞ்சம் தெளிந்த பிறகு விசாரித்தால், இனிப்புநீர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து எதுவுமே சாப்பிடாமல் இருந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்ததாம். பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தால் உடம்பில் ஒரு சுவிட்ச் திறக்கும், நல்ல செல்கள் கெட்ட செல்களைத் தின்றுவிடும், இனிப்புநீர் போய்விடும், புற்றுநோய் கிட்டவே வராது, இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று அதில் ஒருவர் பேசுகிறார்.

அந்தப் பதிவை நானும் கேட்டேன். நோபல் பரிசு உண்மை. மற்றதெல்லாம் உண்மையும் பொய்யும் கலந்த சாம்பார். டியூஷனில் படிவம் நான்கு பிள்ளைகளுக்கு செல்லைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் இதை ஒருதரம் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அறிவியல் படிக்காதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், அதனால் கஷ்டமான சொல் வரும் இடத்தில் ஒருமுறை விளக்கிவிட்டுத்தான் நகர்வேன்.

முதலில் செம்பனை ஆலைக்குப் போவோம்

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. ஆகவே செம்பனையை வைத்துச் சொன்னால் இங்கே எல்லாருக்கும் புரியும்.

குலை வெட்டுகிறவர் பழக்குலையோடு அதைத் தாங்கும் மட்டையையும் வெட்டித் தள்ளுவார். அந்த மட்டையை யாரும் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதில்லை, மர வரிசைகளுக்கு நடுவிலேயே அடுக்கி வைப்பார்கள். அது மக்கி, மரத்திலிருந்து போன சத்து மரத்துக்கே திரும்பும். ஆலைக்குள் போனாலும் இதே கதைதான். என் அப்பா ஆலையில் பாய்லர் பார்த்தவர். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும்தான் அவருடைய விறகு. அதை எரித்து நீராவி எடுத்து, அந்த நீராவியில் ஆலையே ஓடும், மின்சாரமும் வரும். பழம் உதிர்ந்த வெறும் குலையைக்கூட லாரியில் ஏற்றிக் காட்டுக்கே கொண்டுபோய்ப் பரப்பிவிடுவார்கள். தன் கழிவைத் தானே எரித்து ஓடுகிற ஆலை என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. செல்லுக்குள் பழுதான பாகங்கள், சுருண்டு கட்டியாகிப்போன புரதங்கள், சில வேளை உள்ளே நுழைந்த கிருமிகள்கூட, ஒரு பையில் கட்டப்பட்டு, உடைக்கப்பட்டு, மறுபடி பயன்படும் பொருளாகத் திரும்புகின்றன. இதற்குப் பெயர்தான் தன்னுண்ணல், ஆட்டோஃபேஜி. தன்னையே உண்ணுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை ஒட்டி, பெல்ஜியத்து அறிவியலாளர் கிறிஸ்டியன் டி டூவ் 1963-இல் வைத்த பெயர்.

குரல் பதிவின் முதல் தவறு இங்கேயே தெரிந்துவிடும். ஒரு செல் இன்னொரு செல்லைத் தின்பதற்குத் தன்னுண்ணல் என்று பெயர் இல்லை. ஒரு செல் தன் வீட்டுக்குள் தன் சாமானைத்தான் உடைக்கிறது. செல் சாவதும் இல்லை, பெரும்பாலும் அது பிழைப்பதற்குத்தான் இதைச் செய்கிறது.

எவ்வளவு நடக்கிறது என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு நாளில் நாம் சாப்பாட்டில் எடுக்கும் புரதம் சுமார் 70 கிராம். ஆனால் உடம்பு ஒவ்வொரு நாளும் 200 முதல் 300 கிராம் புரதத்தை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? பழையதை உடைத்துத்தான். இதில் ஒரு பங்கு தன்னுண்ணல் வழியாகவும், இன்னொரு பங்கு புரதங்களை ஒவ்வொன்றாக அரைக்கும் வேறொரு வழியாகவும் நடக்கிறது. நீங்கள் நாசி லெமாக் சாப்பிட்டு முடித்த கையோடும் நடக்கிறது, தூங்கும்போதும் நடக்கிறது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: தன்னுண்ணல் என்பது செல்லுக்குள் எப்போதும் ஓடும் வேலை. பட்டினியில் அதன் வேகம் ஏறலாம், ஆனால் பட்டினி கிடந்துதான் அதைத் தொடங்க வேண்டும் என்பதில்லை.

நொதி என்றால் என்ன? பப்பாளிக்காயைக் கேளுங்கள்

கிழட்டு ஆட்டுக்கறி வாங்கினால் எங்கள் பாட்டி பச்சைப் பப்பாளிக்காயைத் துருவிப் பிசைந்து வைப்பார். கொஞ்ச நேரத்தில் கறி மெத்தென்று ஆகிவிடும். அதிக நேரம் விட்டால் கூழாகிவிடும் என்று கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். பப்பாளிப் பாலில் பப்பைன் என்று ஒரு பொருள் இருக்கிறது. கறியின் புரத இழைகளை அது வெட்டுகிறது, வெட்டும்போது தான் தீர்ந்துபோவதில்லை, ஒன்றை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறது.

இப்படி ஒரு வேலையைப் பல மடங்கு வேகமாக நடத்திக்கொடுத்து, தான் செலவாகாமல் நிற்கும் புரதம்தான் நொதி. என்சைம் என்று சொல்வதும் இதைத்தான். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு குறிப்பிட்ட வேலை. சிலது வெட்டும், சிலது ஒட்டும், சிலது முத்திரை குத்தும், சிலது அந்த முத்திரையை அழிக்கும். இந்த நான்கு வகையும் தன்னுண்ணலில் வருகின்றன, ஆகவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பப்பாளியை நான் சும்மா சொல்லவில்லை. நம் செல்லுக்குள் கழிவை வெட்டும் நொதிகளில் முக்கியமான சில, கதெப்சின் என்று பெயர், பப்பைனுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒரே குடும்பம், ஒரே மாதிரிக் கத்தி. பாட்டியின் பப்பாளி செய்த வேலையைத்தான் அவை செல்லுக்குள் செய்துகொண்டிருக்கின்றன.

வெட்டும் கத்திகளை எங்கே பூட்டி வைப்பது?

இப்போது ஒரு சிக்கல். புரதத்தையும் கொழுப்பையும் வெட்டும் நொதி செல்லுக்குள் சுதந்திரமாகத் திரிந்தால் செல்லே கூழாகிவிடாதா? அதற்காகத்தான் லைசோசோம் என்ற சின்னப் பை இருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட வெட்டும் நொதிகள் அதற்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தப் பையைக் கண்டுபிடித்ததும் டி டூவ்தான். எலியின் கல்லீரலை அரைத்து ஒரு நொதியின் அளவைப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. அதே சாற்றைச் சில நாள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தால் கூடியிருந்தது! நொதி ஏதோ ஒரு உறைக்குள் பூட்டியிருந்திருக்கிறது, நாள்பட உறை கிழிந்து வெளியே வந்திருக்கிறது என்று அதிலிருந்து ஊகித்து, 1955-இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1974-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

பூட்டு ஒன்று மட்டும் போதாது என்று இயற்கை இரண்டாவது காவலும் வைத்திருக்கிறது: புளிப்பு. ரப்பர் பாலை ஸ்டோருக்குக் கொண்டுவந்து தட்டில் ஊற்றினால் அது சீக்கிரம் உறையாது, அசிட்டைக் கலந்தால்தான் சட்டென்று உறையும், பார்த்திருப்பீர்கள். அதுபோல லைசோசோமுக்குள் இருக்கும் நொதிகள் புளிப்பான இடத்தில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். புளிப்பைச் சொல்லும் அளவு பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பைக்குள் அது ஏறக்குறைய 4.5 முதல் 5, வெளியே செல்லின் நீரில் 7.2 அளவு. எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரிந்தாலும் புளிப்பில் அது நூறு மடங்குக்கும் மேல். ஆகவே ஒரு பை ஓட்டையாகி இரண்டு நொதி வெளியே சிந்தினாலும் அவை பெரும்பாலும் மந்தமாகிவிடும். அந்தப் புளிப்பை உண்டாக்க, பையின் சுவரில் ஒரு பம்பு செல்லின் எரிபொருளைச் செலவழித்து அசிட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பம்பும் ஒரு நொதிதான்.

சரி, கழிவு எப்படி லைசோசோமுக்குப் போகிறது? செல்லுக்குள் மெல்லிய சவ்வு ஒன்று பிறை நிலா மாதிரித் தோன்றி, கழிவைச் சுற்றி வளர்ந்து, வாய் மூடி, இரட்டைச் சுவர் கொண்ட மூட்டையாகிறது. அதை மூட்டை என்றே சொல்கிறேன், நீளமான பெயர் நமக்கு வேண்டாம். மூட்டை போய் லைசோசோமோடு ஒட்டி இணைகிறது, உள்ளே இருப்பது வெட்டப்படுகிறது, கிடைக்கும் துண்டுகள் செல்லுக்குத் திரும்புகின்றன. புரதம் வெட்டப்பட்டால் கிடைக்கும் சின்னத் துண்டுக்கு அமினோ அமிலம் என்று பெயர். இந்தச் சொல் பின்னால் முக்கியமாக வரும்.

ஆலை நின்றால்தான் வரத்து தெரியும்

நோபல் பரிசு யாருக்கு, எதற்கு என்று இப்போது சொல்லலாம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது ரேம்பில் எத்தனை லாரிக் குலை வந்து இறங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வந்தது வந்தபடி உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆலை பழுதாகி ஒருநாள் நின்றால் போதும், குலை மலைபோல் குவிந்துவிடும். அன்றைக்குத்தான் ஒரு நாளைக்கு இவ்வளவா வருகிறது என்று வாய் பிளப்போம்.

ஜப்பானின் யோஷினோரி ஓசுமி செய்தது இதைத்தான். ரொட்டிக்கு மாவு புளிக்க வைக்கும் ஈஸ்டில் தன்னுண்ணலைப் பார்க்க ஆசைப்பட்டார். ஈஸ்ட் மிகச் சின்னது, உடைக்கும் வேலையும் சட்டென்று முடிந்துவிடுவதால் கண்ணில் எதுவும் சிக்காது. அதனால் வெட்டும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்துப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் மூட்டைகள் வந்து குவிந்தன, உடைக்க ஆள் இல்லாததால் அப்படியே கிடந்தன, சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்தன. 1992-இல் அதை வெளியிட்டார். மறு ஆண்டே இந்த வேலைக்கு இன்றியமையாத 15 மரபணுக்களை அவரும் அவருடைய மாணவியும் பட்டியலிட்டார்கள். 2016-இல் மருத்துவ நோபல் அவர் ஒருவருக்கே கிடைத்தது.

கவனியுங்கள், அவர் மனிதர்களைப் பட்டினி போட்டு நோய் குணமாகிறதா என்று பார்க்கவில்லை. செல்லுக்குள் இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்ததற்குத்தான் பரிசு.

கூட்டு, குறை என்று யார் சொல்கிறார்கள்?

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம்.

தோட்டத்தில் வெட்டிய குலையின் காம்பில் வெட்டியவரின் எண்ணை எழுதி வைப்பார்கள். குலை அதே குலைதான், ஆனால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் யார் கணக்கில் ஏற்றுவது என்று கிராணி முடிவு செய்வார். செல்லுக்குள்ளும் இப்படி எழுதும் பழக்கம் உண்டு. பாஸ்பேட் என்ற சின்ன மூலக்கூறை ஒரு புரதத்தின் மேல் ஒட்டினால் அந்தப் புரதம் வேலை செய்ய ஆரம்பிக்கும், அல்லது நிறுத்திவிடும். எந்த இடத்தில் ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. இப்படிப் பாஸ்பேட் முத்திரை குத்தும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். தன்னுண்ணலின் நிர்வாகம் பெரும்பாலும் மூன்று கைனேஸ்களின் கையில் இருக்கிறது.

முதலாவது எம்டார். செல்லில் சத்து இருக்கிறதா என்று பார்ப்பது இதன் வேலை. வேடிக்கை என்னவென்றால் இது தன் வேலையைச் செய்வது லைசோசோமின் வெளிச்சுவரில் உட்கார்ந்துகொண்டுதான், ஸ்டோர் வாசலில் மேசை போட்டுக்கொண்ட கிராணி மாதிரி. உள்ளே அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது, இரத்தத்தில் இன்சுலின் வந்திருக்கிறதா, எல்லாம் அதன் காதுக்குப் போகும். சாப்பிட்டு முடித்த நேரத்தில் எம்டார் சுறுசுறுப்பாக இருக்கும், புதிய புரதம் கட்டு என்று விரட்டும், தன்னுண்ணலை அடக்கி வைக்கும். சத்து குறைந்தால் எம்டாரின் பிடி தளரும். இதன் பெயருக்குப் பின்னால் ஒரு தீவு இருக்கிறது: 1964-இல் ராப்பா நுய் என்கிற ஈஸ்டர் தீவுக்குக் கனடாவிலிருந்து போன குழு எடுத்துவந்த மண்ணில் ஒரு நுண்ணுயிர், அது சுரந்த பொருளுக்கு ராப்பாமைசின் என்று தீவின் பெயரையே வைத்தார்கள். அந்த மருந்து செல்லில் எதைப் பிடிக்கிறது என்று தேடிப் போனபோதுதான் எம்டார் அகப்பட்டது. எம்டாரில் வரும் ‘டார்’, ராப்பாமைசினின் இலக்கு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

இரண்டாவது ஏஎம்பிகே. இது சத்தைப் பார்ப்பதில்லை, எரிபொருளைப் பார்க்கிறது. செல்லின் செலவுப் பணம் ஏடிபி என்ற மூலக்கூறு. அதைச் செலவழித்தால் ஏஎம்பி என்ற சில்லறை மிஞ்சும். பையில் நோட்டு குறைந்து சில்லறை பெருகினால் கையிருப்பு தீருகிறது என்று பொருள், ஏஎம்பிகே விழித்துக்கொள்ளும். ஓடினால், உழைத்தால், சாப்பாடு இல்லாவிட்டால் இது கிளம்பும்.

மூன்றாவது யூஎல்கே-1. மூட்டை கட்டும் கும்பலை வேலை வாங்கும் மண்டோர் இதுதான். இது கிளம்பினால்தான் சவ்வு வளரத் தொடங்கும்.

மற்ற இரண்டும் எழுதுவது இந்த யூஎல்கே-1-இன் மேல்தான். எம்டார் அதன் ஒரு இடத்தில் முத்திரை குத்தினால் மண்டோர் சும்மா நிற்பார். ஏஎம்பிகே வேறு இடங்களில் குத்தினால் கிளம்புவார். ஒரே புரதத்தின் வெவ்வேறு இடத்தில் குத்தப்பட்ட இந்த முத்திரைகளை 2011-இல் விரிவாகக் காட்டினார்கள், பாடப்புத்தகங்களிலும் அந்தப் படம் வந்துவிட்டது.

ஆனால் அந்தப் படத்தோடு நிறுத்திக்கொண்டால் மறுபடி சுவிட்ச் கதைதான் ஆகும். அண்மை ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் ஏஎம்பிகே சில சூழ்நிலைகளில் தன்னுண்ணலை அடக்கவும் செய்கிறது என்று காட்டுகின்றன. யோசித்தால் நியாயம்தான். மூட்டை கட்டவும், பம்பு ஓடவும் எரிபொருள் வேண்டுமே! கையில் காசே இல்லாத நாளில் வீட்டைப் பிரித்துக் கட்ட ஆள் கூப்பிடுவோமா? ஏஎம்பிகே அந்தக் கருவிகளை அழியாமல் பாதுகாத்து, நிலைமை சீரானதும் ஓட்டலாம் என்று வைத்திருக்கிறது. ஆக, பசித்தால் கூடும் என்ற ஒற்றை வரி ஒரு தொடக்கம்தான்.

முத்திரை குத்துகிறவர் இருந்தால் அழிக்கிறவரும் வேண்டும். அந்த நொதிக்குப் பாஸ்பேட்டேஸ் என்று பெயர். இதில் ஒன்று, கால்சிநியூரின், டிஎஃப்இபி என்ற புரதத்தின் மேல் இருக்கும் முத்திரையை அழித்துவிடும். உடனே அந்தப் புரதம் செல்லின் மரபணுக் கிடங்குக்குள் போய், இன்னும் லைசோசோம் செய்யுங்கள், இன்னும் நொதி செய்யுங்கள் என்று உத்தரவு கொடுக்கும். வேலை கூடும்போது ஆலையையே பெரிதாக்குவது போல.

சுருக்கமாக: எம்டார் சத்தைப் பார்த்து அடக்கும், ஏஎம்பிகே எரிபொருளைப் பார்த்துப் பெரும்பாலும் கிளப்பும், இரண்டும் யூஎல்கே-1 என்ற மண்டோரிடம் எழுதி வைக்கும், அழிக்கும் நொதிகள் அந்த எழுத்தை அவ்வப்போது மாற்றும்.

மூட்டை கட்டும் கும்பல்

இதை வேகமாகக் கடந்துவிடுகிறேன், பெயர்கள்தான் அதிகம். யூஎல்கே-1 சொன்னதும் விபிஎஸ்-34 என்ற நொதி சவ்வின் கொழுப்பிலேயே ஒரு அடையாளம் குத்தும், இங்கேதான் மூட்டை கட்டப்போகிறோம் என்று. அப்புறம் ஒட்டும் நொதிகள் வரும், ஏடிஜி-7, ஏடிஜி-3 என்று பெயர். எல்சி-3 என்ற சின்னப் புரதத்தைச் சவ்வின் கொழுப்போடு ஒட்டிவிடுவது அவற்றின் வேலை. எல்சி-3 ஒட்டியிருந்தால் மூட்டை வளரும், எந்தக் கழிவை உள்ளே இழுப்பது என்றும் தெரியும்.

இதில் ஏடிஜி-4 என்ற வெட்டும் நொதியை மட்டும் நின்று பார்க்க வேண்டும். எல்சி-3-இன் வாலை முதலில் இதுதான் நறுக்குகிறது, நறுக்கினால்தான் ஒட்ட முடியும். வேலை முடிந்த பிறகு மூட்டையின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருப்பதைக் கழற்றி மறுபடி பயன்படுத்தக் கொடுப்பதும் இதுவேதான். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே கத்தரி. அது அளவுக்கு மீறி வெட்டினால் மூட்டையே உருவாகாது, வெட்டாவிட்டாலும் உருவாகாது.

எப்படித் தானாக நிற்கிறது?

செல் தன்னைத் தின்ன ஆரம்பித்தால் எங்கே நிறுத்தும் என்று டியூஷனில் ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. மூட்டைக்குள் இருந்த புரதம் வெட்டப்பட்டால் என்ன கிடைக்கும் என்று மேலே சொன்னேன்? அமினோ அமிலம். எம்டார் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? அதே அமினோ அமிலத்தை, அதுவும் லைசோசோமின் வாசலிலேயே உட்கார்ந்து. ஆக, பழையதை உடைக்க உடைக்க அமினோ அமிலம் சேரும், சேர்ந்ததை எம்டார் பார்க்கும், மெல்ல விழித்து, போதும் என்று மண்டோரின் மேல் முத்திரை குத்திவிடும். பட்டினி தொடர்ந்தாலும் இந்தப் பிடி ஓரளவு திரும்பி வரும் என்பதை 2010-இல் செல்களில் பார்த்துவிட்டார்கள். அத்தனை லைசோசோமும் செலவாகிப் போகாமல் புதிதாக முளைப்பதும் அப்போதுதான்.

இரண்டு மடங்கு பட்டினி கிடந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்று கணக்குப் போட முடியாதது இதனால்தான்.

நொதி ஒன்று குறைந்தால்

பொம்பே நோய் என்று ஒன்று உண்டு, அரிதானது. லைசோசோமுக்குள் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை வெட்டும் ஒரே ஒரு நொதி பிறவியிலேயே இருக்காது. மூட்டை வரும், லைசோசோமோடு சேரும், வெட்ட ஆள் இல்லை. கிளைக்கோஜன் அடைந்து அடைந்து தசையும், சிறு குழந்தைகளாக இருந்தால் இதயமும் பாதிக்கப்படும். அறுபதில் ஒன்று குறைந்தால் இவ்வளவு.

பார்க்கின்சன் நோயிலும் இதன் நிழல் இருக்கிறது. செல்லுக்கு எரிபொருள் செய்யும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால், பிங்க்-1 என்ற கைனேஸ் அதன் மேல் அடையாளம் குத்தும், பார்க்கின் என்ற இன்னொரு நொதி அந்த அடையாளத்தைப் பெருக்கும், அதைப் பார்த்து மூட்டை கட்டுவார்கள். இந்த இரண்டு நொதிகளின் மரபணு பழுதானவர்களுக்கு இளம் வயதிலேயே பார்க்கின்சன் வருகிறது.

புற்றுநோய் விஷயத்தில் குரல் பதிவு சொன்னது பாதிதான். தன்னுண்ணல் ஒழுங்காக நடந்தால் செல்லுக்குள் குப்பை சேராது, அது புற்றுநோய் தொடங்குவதைத் தடுக்க உதவலாம். ஆனால் கட்டி வளர்ந்துவிட்ட பிறகு அதே தன்னுண்ணல் புற்றுச் செல்லுக்கும் சோறு போடுகிறது, இரத்தம் சரியாகப் போகாத இடத்தில்கூட அதைப் பிழைக்க வைக்கிறது. அதனால்தான் லைசோசோமின் புளிப்பைக் குறைத்துத் தன்னுண்ணலை முடக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்தைப் புற்றுநோய் சிகிச்சையோடு சேர்த்துப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கூட்டுவது எப்போதும் நல்லது என்றால் யாராவது இப்படி முயல்வார்களா?

பதினாறு மணி நேரமும், பாட்டிலில் வரும் நொதியும்

ஈஸ்டில் பட்டினி போட்டால் சில மணி நேரத்தில் மாற்றம் தெரியும், எலியின் கல்லீரலிலும் தசையிலும் தெரியும், ஓடவிட்ட எலியின் தசையிலும் தெரியும். ஒவ்வோர் உறுப்பிலும் வேகம் வேறு. மனிதரில் இதை அளக்க வேண்டுமென்றால் கல்லீரலிலிருந்தும் தசையிலிருந்தும் துண்டெடுத்துப் பார்க்க வேண்டும், அதுவும் ஒருமுறை போதாது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சோதனை எதுவும் இதற்கு இல்லை. ஆகவே பதினாறாவது மணி நேரத்தில் திறக்கும் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால், அதை அவர் எந்த மனித உடலில் அளந்தார் என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தைக் குறுக்கி எடை குறைத்தவர்களும் சர்க்கரை அளவு இறங்கியவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் குறைவாகச் சாப்பிட்டதன் பலன், அதைக் கொண்டு செல்லுக்குள் சுவிட்ச் திறந்தது என்று சொல்ல முடியாது.

தன்னுண்ணலைத் தூண்டும் நொதி பானம் என்று பாட்டிலில் விற்பதையும் எங்கள் ஊர்ச் சந்தையில் பார்க்கிறேன். நொதி ஒரு புரதம். குடித்தால் வயிற்றின் அசிட்டும் அங்கிருக்கும் செரிக்கும் நொதிகளும் அதையும் பருப்பைப் போலத்தான் வெட்டும். முழுதாகத் தப்பி இரத்தத்தில் கலந்து, செல்லுக்குள் நுழைந்து, லைசோசோமைத் தேடிக் கண்டுபிடிக்க அதற்கு வழியே இல்லை. உண்மையாகவே ஒரு நொதியை லைசோசோமுக்கு அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியவேண்டுமானால் பொம்பே நோயாளிகளைப் பாருங்கள். 2006-லிருந்து அவர்களுக்கு அந்த நொதி மருந்தாகக் கிடைக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அதைச் செய்து, லைசோசோமுக்குப் போகவேண்டிய சரக்கு என்று செல் படித்துக்கொள்ளும் ஒரு சர்க்கரை முத்திரையோடு, நரம்பில் சொட்டுச் சொட்டாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். விட்டுவிடவும் முடியாது.

கடைசியாக அத்தையின் விஷயம். 2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது, ஆகவே இதைப் படிக்கும் வீடுகளில் பல வீட்டுக்கு இது பொருந்தும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், இன்சுலினைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் மாத்திரை (கிளிக்லசைட் மாதிரி) எடுப்பவர்களும், மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால், சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். அத்தைக்கு நடந்தது அதுதான். விரதம் இருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோன்பு மாதத்துக்கு முன்னால் முஸ்லிம் நோயாளிகள் கிளினிக்குக்குப் போய் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்குகிறார்களே, தைப்பூச விரதத்துக்கும் புரட்டாசிக்கும் நாமும் அதையே செய்யலாம்.

அடுத்த வாரம் அத்தையை நானே மோட்டாரில் ஏற்றி சுகாதாரக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்த தாதி, எந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். அத்தை அதைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். காலையில் வேலியோரம் என்னைப் பார்த்தால் முதலில் அவரே சொல்லிவிடுகிறார், பசியாறிவிட்டேன் தம்பி என்று.